பத்துக் கட்டத்தில் ஆறு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். புடவைக்குக் கட்டத்தாளில் வரையும் மயில் பார்டர் கிராஃப் பாதியில் நிற்கிறது.

தம்பி குமாரின் பெட்டி ஜப்பானிலிருந்து வந்தது. அவன் செத்து நாற்பது நாள் கழித்து. உள்ளே: சட்டை மூன்று, நான் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி டப்பா (காலி), அகராதி, கட்டம் போட்ட நோட்டு. வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் தெரியாத எழுத்து எது கண்ணில் பட்டாலும் நோட்டில் பத்துத் தடவை எழுதிப் பழகியிருக்கிறான். கடைசி எழுத்து மட்டும் ஆறு தடவை. அதற்குள் காய்ச்சல்.

அம்மா நோட்டைத் தடவிக்கொண்டே, "கடைசியா இன்னா எழுதிகினு இருந்தான்? பார்த்து சொல்லுடி."

நவம்பர் 5, புதன்

எழுத்தில் எத்தனை கோடு என்று எண்ணி, அகராதியில் அந்த எண்ணுக்குக் கீழே தேட வேண்டும். எண்ணினேன், பதின்மூன்று. அங்கே இல்லை. பதினான்கிலும் இல்லை. அகராதியைத் தூக்கி எறிந்தேன். பிறகு எடுத்துத் துடைத்து வைத்தேன்.

பக்கத்து வீட்டு உஷா: "போன்ல காட்டுனா ஜல்தியா சொல்லிடுமே." குமார் அதைச் செய்ய மாட்டான். புத்தகத்தில் தேடினால்தான் மனசில் நிற்கும் என்பான். நானும் செய்யப்போவதில்லை.

ஆவணியில் போன் பண்ணினான். "வந்துரட்டுமாக்கா?" நான் சொன்னது: "போயி ஆறு மாசம்கூட ஆவல. ஊரு சிரிக்கும். பல்லைக் கடிச்சிகினு இரு." இது அம்மாவுக்குத் தெரியாது.

நவம்பர் 7, வெள்ளி

கிராஃப் கொடுத்தாயிற்று. மயில் கழுத்தில் தப்பு. முதலாளி திட்டவில்லை, துக்க வீடு என்று விட்டுவிட்டார். திட்டியிருக்கலாம்.

குமாரோடு ஜப்பானிய வகுப்பில் படித்த திவ்யாவுக்கு, போளூருக்கு, போன் செய்தேன். "கோடு திரும்புற எடத்துல இன்னொண்ணுன்னு எண்ணிட்டீங்களாக்கா? பேனாவ எடுக்காம எழுதுனா எல்லாம் ஒரே கோடுதான்."

இருபது வருஷமாகப் புடவைக்குக் கிராஃப் போடுகிறேன். கொடி வடிவம் திரும்பினால் கட்டத்தில் அடுத்த வரிசை, தறிக்கு அடுத்த துளை அட்டை. வேறு விதமாக எண்ண எனக்குத் தெரியாது. மறுபடி எண்ணினேன். பத்து.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு இன்னும் தறியில் இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. துணி ஊறுகிறது. பால் வாங்கணும்.

பத்துக் கோட்டு எழுத்துகள் எல்லாவற்றிலும் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். கிடைத்தது. 帰. பொருள்: வீடு திரும்புதல்.

அழுதேன். நான் வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பான். காய்ச்சல் வந்தாலும் இங்கே வந்திருக்கும், நான் பக்கத்தில் இருந்திருப்பேன்.

வேறு ஏதாவது அர்த்தம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வேண்டாம். ஆவணியில் அவன் கேட்டதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது என்றுதான் அடுப்படிக்குப் போனேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வர்றதுன்னு எழுதியிருக்கான்மா."

தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"எப்பவாம்?"