ஏரி வற்றிய லீவில் தேன்மொழிக்கு

என் தேனு,

நீ இல்லாமல் வந்த முதல் மே மாதம் இது. உத்திரமேரூர் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. பதினோரு மணிக்கே கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் வாலாஜாபாத் பஸ்ஸுக்குள் கண்டக்டர் மட்டும் தூங்குகிறார். சுற்றுலா வேன் ஒன்றுகூட இல்லை. ஊர் முழுக்க நமக்கே என்று சொல்வாயே, அந்த ஊர்தான்.

இப்போது உன் தங்கை கவிதான் என்னோடு வருகிறாள். "லீவுல வூட்லயே கெடந்து அழுவுறா. நீ எங்கனா கூட்டிக்கினு போம்மா" என்று உன் அம்மா கேட்டார்கள். தினமும் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறோம். வெளியே தார் உருகினாலும் அந்த மண்டபத்துக் கல் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. நாம் தேடிய மாதிரியே சுவர்க் கல்வெட்டில் தெரிந்த எழுத்துகளைத் தேடுகிறோம். "இதுல எங்க அக்கா பேரு எங்கனா எழுதிக்கீதா?" என்று அவள் கேட்டாள். 'தே' எங்கே என்று தேடத் தொடங்கினேன்.

சந்தோஷமாக இருந்தேன், தேனு. அதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. நேற்று அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு வரியில் மூழ்கிப்போனேன். தலை நிமிர்ந்தபோது கவி இல்லை.

கூப்பிட்டேன். என் குரல்தான் கல்லில் மோதித் திரும்பி வந்தது. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. எதிர்க்கடையில் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து கேட்டேன். "பசிக்குதுன்னுச்சு பாப்பா. ஏரியில பூந்து வூட்டுக்குப் போறேன்னு போச்சே" என்றார் கடைக்காரர், படுத்தபடியே.

ஏரி வற்றினால் எல்லோரும் குறுக்கேதானே நடப்போம்? சுற்றுப் பாதையில் கோடையில் யார் போவார்கள்? பிறந்ததிலிருந்து நடந்த இடம், கணுக்கால் தண்ணீர் என்றுதானே போன வருஷம் நீயும் இறங்கினாய்? யாரோ மண் எடுத்த பள்ளத்தில் கோடை மழை நிரம்பியிருந்தது உனக்கு எப்படித் தெரியும்? மேலே பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

செருப்பைப் போடாமலே ஓடினேன். கால் வெந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எனக்குப் பிடித்த அந்த அமைதியையே நேற்று வெறுத்தேன். நான் கத்தினால் யார் வருவார்கள்? நீ கத்தியபோது யாருக்காவது கேட்டதா?

கரைமேல் ஏறிப் பார்த்தேன். நடு ஏரியில், தேங்கிய தண்ணீர் ஓரமாகக் கவி நின்றாள். கையில் ஒரு நீளக் கருவேலங்குச்சி. உன் பழைய பச்சைப் பாவாடை. ஒரு நொடி நீயே நிற்கிறாய் என்று நினைத்தேன்.

நீ மூழ்கிய நாளுக்குப் பிறகு நான் ஏரிக்குள் கால் வைத்ததே இல்லை. நேற்றும் கரையிலேயே நின்று கத்தினேன். அவள் திரும்பவில்லை; குச்சியால் தண்ணீரில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே ஓர் அடி முன்னால் போனாள். பிறகு நான் எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, பேய் மாதிரி ஓடியாற?"

"இங்க இன்னாடி பண்ற?"

"பள்ளம் எங்க கீதுன்னு பாத்துக்கினு கீறேன். தெரிஞ்சா அந்தப் பக்கம் யாரும் போவ மாட்டாங்க இல்ல?"

அவளைத் திட்டவில்லை. கையை விடாமல் கரைக்கு இழுத்து வந்து, சுற்றுப் பாதையில் வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் எங்களை வெளியே விட மாட்டார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டார்கள்.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும்மா" என்றார்கள் கடைசியில். "எட்டு வயசுலயே கெணத்துல குதிப்பேன். பெத்த பொண்ணுக்குச் சொல்லிக் குடுக்காம வுட்டுட்டேன்." பிறகு முறத்தைக் கீழே வைத்து, "காலைல ரெண்டு பேரும் மோட்டார் கெணத்துக்கு வாங்க. மெதக்குறதுக்கு இடுப்புல காலி பிளாஸ்டிக் கேன் கட்டி இறக்குறேன்."

"பயமா கீது அத்தை" என்றேன்.

"எனக்கு மட்டும் இல்லையா?"

இதோ விடியப் போகிறது. கிணற்றுக்குப் போக மாற்றுப் பாவாடையை எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பச்சைத் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கும்? நீ அந்த ஏரிப் பள்ளத்தில் என்ன பார்த்தாய்? கேட்கக் கூடாது, ஆனாலும் கேட்கிறேன்.

பயம் போய்விடும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பயத்தோடுதான் இறங்குவேன். கவிக்கு முன்னால் நான் இறங்குவேன். அவள் தனியாக நீந்தும் நாள்வரை அவள் கை என் கையில் இருக்கும். இது சத்தியம், தேனு.

உன் தோழி,
இப்போது கவிக்கு இன்னோர் அக்கா,
யாழினி