இடி நின்ற இருபத்திரண்டு விநாடிகள்

மார்ச் 4

அன்புத் தம்பி இடிக்கு,

அக்கா நலம். முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன கடிதத்தில் நீ எழுதியது மொத்தம் நான்கு வரி, அதில் இரண்டு மழையைப் பற்றி. போகட்டும், உனக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

நம் படம் மறுபடி ஓடுகிறது! உங்கள் ராக் குழு கடைசியாக மேடையேறிய கச்சேரியை நான் எடிட்டிங் மேஜையில் வெட்டி ஒட்டி முப்பத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. இங்கே தெருமுனைத் தியேட்டர்காரர், புதிதாகச் சுத்தம் செய்த பிரதியை வாங்கி ஒரு வாரத்துக்கென்று போட்டார். இது ஒன்பதாவது சனிக்கிழமை. மதியக் காட்சி. வருகிறவர்களில் பாதிப் பேர் அன்று பிறக்கவே இல்லை. நெட்டை பேஸ் கிதாரை மாட்டிக்கொண்டு வந்து நின்றாலே விசில் பறக்கிறது. பாடகர் இரண்டாவது பாட்டில் வரியை மறந்துவிட்டு, "அடுத்தது என்னடா?" என்று டிரம்ஸ் பக்கம் திரும்பி உன்னைக் கேட்பாரே, அப்போது தியேட்டரே சேர்ந்து அடுத்த வரியைக் கத்துகிறது. டிக்கெட் கிழிப்பவர் முதல் வாரம் "உக்காருங்க, உக்காருங்க" என்று டார்ச் அடித்தபடி அலைந்தார். இப்போது அவரே நடைவழியில் ஆடுகிறார்.

"இந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கு?" என்று அவரிடம் கேட்டேன்.

"யாருமே நடிக்கலீங்க. பிரியப் போறோம்னு தெரிஞ்சும் என்னமா சிரிக்கிறாங்க பாருங்க!" என்றார். நான் யாரென்று சொல்லவில்லை.

இன்னொரு சேதி. படத்தைச் சுத்தம் செய்தவர்களுக்குக் கிடங்கில் ஒரு டப்பா கிடைத்திருக்கிறது. மேலே என் கையெழுத்தில் "சேர்க்க வேண்டாம்" என்று இருக்கிறதாம். கடைசிப் பாட்டில் உன்னை எடுத்த காமிராவின் சுருள். "இதையும் சேத்துடலாமா?" என்று கேட்கிறார்கள். உன்னைக் கேட்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன்.

நீ இன்றுவரை படத்தைப் பார்க்கவில்லை என்று தெரியும். ஒருமுறை வாயேன்.

உன் அக்கா,
கத்திரி


மார்ச் 13

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். டிரைவிங் ஸ்கூலில் இந்த மாதம் பதினொரு பேர். அதில் ஒரு பல் டாக்டர், பிரேக் என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். "டாக்டர், பல்லு பிடுங்கும்போதும் இப்படித்தானா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டி பூந்தொட்டியில் ஏறிவிட்டது.

படம் பார்க்க நான் வரவில்லை. கடைசிப் பாட்டின் நடுவில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பத்து வருடம் ஒரே வேனில் சுற்றியவர்கள், நாளை முதல் ஆளுக்கொரு பக்கம் என்று சட்டென உறைத்தது. கை எழும்பவில்லை. கூட்டம் கிண்டலாகக் கைதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. படம் வெளியானதும் நெட்டை போன் செய்து, "கடைசிப் பாட்டுல நீ ஒரு எடத்துலகூட இல்லடா" என்றான்.

சொதப்பிய ஆளை வெளியே தெரியாமல் ஓரங்கட்டிவிட்டாய். வேறு யாராவது செய்திருந்தால் அன்றே மறந்திருப்பேன். சொந்த அக்கா செய்தது மறக்க வரவில்லை.

சுருளைச் சேர்ப்பதும் எரிப்பதும் உன் இஷ்டம்.

தம்பி


மார்ச் 20

இடி,

இத்தனை வருடமாக நீ இதை வாய் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நம் இரண்டு பேரையும் நிற்க வைத்து நாலு சாத்து சாத்த வேண்டும்.

அந்தச் சுருளை அன்று எடிட்டிங் மேஜையில் பதினொரு முறை ஓட்டிப் பார்த்தேன். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, உதடு கோண அழுகிறாய். ஐந்து வயதில் காய்ச்சலோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுத அதே முகம். தயாரிப்பாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "பிரமாதம்! இதைப் போடுங்க, ஜனங்க கதறிடுவாங்க" என்றார்.

"போட மாட்டேன்."

"ஏங்க?"

"அது என் தம்பி."

வேறு எடிட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்திரியை மேஜையில் வைத்தேன். அவர்தான் இறங்கி வந்தார்.

வாசித்த இடங்களிலும் உன் முகம் அழுதபடியே இருந்ததால் சுருள் முழுவதையும் விலக்கினேன். நீ வாசிப்பை நிறுத்திய இடத்தில் மட்டும் இருபத்திரண்டு விநாடி காலி. கூட்டத்தை எடுத்த சுருளைத் தேடினேன். நீ தலை குனிந்திருந்ததால் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் பாட்டு நின்றுவிடாமல் இருக்கக் கையால் தாளம் போட்டாள். அந்த வரிசை சேர்ந்துகொண்டது. அப்புறம் அரங்கமே. யார் முகத்திலும் கிண்டல் இல்லையடா. நீ மறுபடி குச்சியை எடுக்கும்வரை அத்தனை பேரும் உனக்காக வாசித்தார்கள். அதைத்தான் போட்டேன். இங்கே ஜனங்கள் அந்த இடத்துக்காகத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

உன்னிடம் அன்றே சொல்லாதது என் தப்பு. வெட்டியது தப்பில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

பார்த்துவிட்டேன்!

பக்கத்து ஊரில் ஓடுவதாகப் பல் டாக்டர் சொன்னார். பயிற்சி என்று சொல்லி அவரையே ஓட்ட வைத்தேன். உயிரோடு போய்ச் சேர்ந்தோம். யாராவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று தொப்பி வேறு போட்டுப் போனேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான்.

அக்கா, நாங்கள் அன்று எவ்வளவு சிரித்திருக்கிறோம்! நெட்டை கால் தடுக்கி ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்ததும், அப்படியே வாசித்ததும் எனக்கு நினைவே இல்லை. இரண்டு மணி நேரச் சந்தோஷத்தை மறந்துவிட்டு அந்த ஒரு சொதப்பலை மட்டும் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

கடைசிப் பாட்டு வந்தது. திரையில் கைகள். தியேட்டரிலும் எல்லாரும் தட்ட ஆரம்பித்தார்கள். நானும் தட்டினேன். பக்கத்து சீட்டில் நீலக் கண்ணாடி போட்ட ஒரு பெண் என் தோளைத் தட்டி, "சார், தாளம் தப்புது. என் கையைப் பாத்துத் தட்டுங்க" என்றாள்! டாக்டர் வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன். அவள் சொன்னது சரிதான், அவசரப்பட்டிருக்கிறேன். அவள் கையைப் பார்த்தே கடைசிவரை தட்டினேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது, கை மட்டும் நிற்கவில்லை.

"முதல் தடவையா சார்?"

"ஆமாம்மா."

"எனக்கு ஆறாவது. அடுத்த தடவை வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

சுருளைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடு. என் மூஞ்சியைப் பார்த்தால் அந்தப் பெண் தட்டுவதை விட்டுவிட்டு உச்சுக்கொட்டுவாள்.

நெட்டைக்குப் போன் செய்து, படம் பார்த்ததைச் சொன்னேன். "இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்று கத்தினான். அவனும் வருகிறான். என் வீட்டுக்காரி, மகள், மருமகன், நெட்டை, நீ, நான். வருகிற சனிக்கிழமைக்கு ஆறு டிக்கெட் எடுத்து வை. நான் உன் பக்கத்தில்தான் உட்காருவேன். அந்த இடம் வரும்போது தயவுசெய்து நீ திரையைப் பார், என் முகத்தைப் பார்க்காதே.

உன் தம்பி