யானைப் பிடிலின் பலகை

என் கூடப்பிறந்த முனியா,

நீ போய் நாலு தீபாவளி ஆயிற்று. இதுவரை உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றைக்கும் துணிச்சலில் எழுதவில்லை, ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். பாதி ஆத்திரம் உன் மேல்.

உன் பிடில் வீட்டுக்கு வந்துவிட்டது. நீ வாசித்த பாட்டுப் பார்ட்டி முதலாளியின் மருமகன், உனக்குப் பிறகு அதை வாசித்தவன், வேறு பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்குப் போய்விட்டானாம். விருதுநகரில் முதலாளியின் கொட்டகையில், பருத்தி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சொருகிக் கிடந்தது. "எடத்த அடைச்சிக்கிட்டு நிக்கி, தூக்கிட்டுப் போங்க" என்றார். பிரஸ்ஸுக்குப் பேப்பர் கொண்டுவரும் வண்டியில் ஏற்றிச் சிவகாசிக்குக் கொண்டுவந்தேன். உன் மகள் செல்வி சுற்றிச் சுற்றி வந்து, "பெரியப்பா, இதுக்குள்ள ஆளு படுக்கலாமா?" என்று கேட்டாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், மத்தியானச் சாப்பாடு அங்கேயே போடுகிறார்கள். உன் பெண்டாட்டி பேச்சியம்மா மட்டும் வாசலுக்கு வரவில்லை. அன்றுவரை நாலு வருசமாக அவள் என்னோடு பேசியது இல்லை.

கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியிடமிருந்து முதலாளி அதை வாங்கிவந்த நாள் நினைவிருக்கிறதா? ஆளை விட உயரமான அந்த வயலினைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது. பேஸ் பிடில் என்று நீ சொன்னாய். தெரு அதற்கு யானைப் பிடில் என்று பேர் வைத்தது. விரல் ஓடக் கருங்காலிப் பலகை, ஆட்டுக்குடலில் திரித்த நாலு தந்தி. வீணையில் விரலுக்கு இடம் காட்டப் பித்தளை மெட்டு வரிசையாக இருக்குமே, அது இதில் ஒன்றுகூட இல்லை.

"ஏலே, எங்கன விரல வைக்கணும்னு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"தெரியாதுண்ணே. தேடிக் கண்டுபிடிக்கணும்" என்று சிரித்தாய்.

நான் லித்தோ பிரஸ்ஸில், லேபிள் அச்சடிக்கும் கல்லைத் தேய்க்கிறவன். பழைய லேபிள் படம் சுத்தமாக மறையும்வரை மணலும் தண்ணீரும் விட்டுக் கல்லைத் தேய்ப்பதுதான் என் பிழைப்பு. மயிரிழை மேடு இருந்தாலும் என் விரல் சொல்லிவிடும். அந்தப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவம்லே தேய்ச்சான் இத, அவன் கையில மோதிரம் போடணும்" என்று சொன்னவனும் நான்தான். இதையும் எழுதி வைக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டான் என்று எனக்காக யாரும் பரிந்து பேச வேண்டாம்.

நீ வாசித்தால் சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்துவிடும். முதலில் மெத்தென்று ஒரு தட்டு. பிறகு அது பருத்துக்கொண்டே போய் வாய் மூடிப் பாடுகிற மாதிரி நிற்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நீ தாண்ட மாட்டாய், வழுக்கிக்கொண்டே போவாய். பாடுகிறவள் குரல் உடைகிற இடத்தில் உன் தந்தியும் கூடவே இறங்கிக் கொடுக்கும். கூட்டத்தில் ஒருவனும் உன்னைப் பார்க்க மாட்டான். நீ நிறுத்தினால் மட்டும் என்னவோ குறைகிறதே என்று திரும்புவான்.

பாட்டுக் கச்சேரி இல்லாத மாதங்களில் விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு வேலைக்குப் போனாய். அங்கே வெடிமருந்து தீப்பற்றி உன் இடது கை விரல் நுனிகள் வெந்தன. புண் ஆறியது. ஆனால் வளர்ந்த தோல் செருப்புத் தோலாக வளர்ந்தது, ஊசியால் குத்தினாலும் உனக்கு உறைக்கவில்லை. மெட்டில்லாத பலகையில் விரல் மரத்தவன் எதைத் தேடுவான்? "அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் கச்சேரி வரைக்கும் பாப்போம். சுருதி வெலகுச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுவேன்" என்றார் முதலாளி. பார்ட்டியில் இடம் போனால் உனக்கு வருசம் பூராவும் மருந்து வேலைதான். அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

கேட்டேன், முனியா. மாசக்கணக்காக நீ தப்பித் தப்பி வாசித்ததை என் காதால் கேட்டேன். பொங்கல் நெருங்கிய கடைசி இரண்டு வாரம் எனக்கு டபுள் டூட்டி, கேட்க நேரம் இல்லை. நீயும் பேச்சியம்மாவும் அவள் தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து என்று சாத்தூர் போன மூன்று நாளில், மெட்டு இருந்தால் நீ தப்ப மாட்டாய் என்று பிடிலைத் தூக்கிக்கொண்டு வீணை செய்கிற ஆசாரியிடம் போனேன். முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

ஆசாரி பலகையைத் தடவிப் பார்த்தார். உளியைத் தொடவில்லை.

"இதுல கோடு அறுத்து மெட்டு எறக்கணுமாக்கும்? வாசிக்கிறவுககிட்ட கேட்டீகளா?"

"கேட்டாச்சு" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. அந்தப் பொய்க்கு எனக்கு நாக்குக்கூடக் குளறவில்லை. நல்லது செய்கிறோம் என்ற திமிர் அப்படி.

ஊரிலிருந்து வந்து பிடிலைப் பார்த்தாய். ஒவ்வொரு மெட்டாகக் கட்டை விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தாய். "நல்லாத்தாண்ணே இருக்கு" என்றாய். வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருந்தாய்? ஓங்கி என்னை ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா?

பொங்கல் கச்சேரியில் ஒரு சுரம் பிசகவில்லை. நான்தான் மெட்டு வைத்துக் கொடுத்தேன் என்று பக்கத்தில் நின்றவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். தந்தி ஒவ்வொரு மெட்டாகத் தாவித் தாவி நின்றதும், அந்த வழுக்கல் செத்துப்போனதும் அன்றைக்கு என் காதில் ஏறவே இல்லை. கச்சேரி முடிந்ததும் முதலாளி வந்து தந்தியை அமுக்கிப் பார்த்தார். "அட, ஆர்மோனியக் கட்டை மாதிரியில்ல ஆயிருச்சு. இனி யாரு வேணாலும் வாசிக்கலாமே" என்றார். அடுத்த மாசமே உன் இடத்தில் அவர் மருமகன் வந்து நின்றான். நீ விஸ்வநத்தத்துக்கே திரும்பிப் போனாய்.

பிறகு அந்தத் தீபாவளி சீசனில், லோடு ஏற்றும் அவசரத்தில் இருந்த ஒரு காலையில் மருந்து வெடித்தது, உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். விதி என்றார்கள் துட்டி கேட்க வந்தவர்கள். விதியாம். அதற்குப் பித்தளையில் படி கட்டிக் கொடுத்த நான் நடுவீட்டில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பிடில் வந்த மறுநாள் மெட்டுகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பேச்சியம்மா வந்து கதவோரம் நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"மச்சான், ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா? நீங்க மெட்டு வைக்கிறதுக்கு முந்துன அந்த ரெண்டு வாரமும் அவுக சரியாத்தான் வாசிச்சாக. தாடைய பிடிலு தோள்ல அழுத்திக்கிடுவாக. 'விரலு செத்தா என்னட்டி, எலும்பு இருக்குல்ல'ம்பாக. தப்புனா எலும்பு அதிர்ந்து சொல்லிருமாம், சட்டுனு வழுக்கிப் போயிச் சேந்துக்கிடுவாக. 'பொங்கலன்னைக்கு அண்ணன் கேட்டு அசந்து போகட்டும், அதுவரைக்கும் சொல்லாத'ன்னாக."

அசந்துதான் போனேன், முனியா. நாலு வருசம் கழித்து.

மெட்டு அத்தனையும் எடுத்துவிட்டேன். அறுத்த கோடுகளில் கருங்காலித் தூளையும் வச்சிரப் பசையையும் குழைத்து அடைத்து, பதினோரு நாள் தேய்த்தேன். கல்லில் பழைய படத்தை மறைக்கிறவனால் அந்தக் கோடுகளை மறைக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரிகின்றன. விரலுக்கு மட்டும் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் பிடிலின் தோளில் என் தாடையை வைத்து ஒரு தந்தியை இழுத்துவிட்டேன். பல்லுக்குள் ஏறி மண்டை முழுக்க அது நின்றது. அடுப்படியிலிருந்து பேச்சியம்மா குரல் கொடுத்தாள்.

"அது இல்ல. கீழ வாங்க. இன்னும் கொஞ்சம். இம்புட்டுக் காணும், போதும்... அங்கனதான். அங்கனதான் அவுக நிப்பாக."

விரலை எடுக்காமல் அப்படியே நின்றேன். சத்தம் அடங்கியதும் அவள் சொன்னாள், "இப்பிடி ஒருநா, அவுக இருக்கையில, பக்கத்துல வந்து நின்னு கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்தான், முனியா. நீயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இனி அந்தப் பலகையில் ஒரு கீறல்கூட விழ விடமாட்டேன். நாளைக்குச் செல்வி தொட்டு வாசிக்க ஆசைப்பட்டால் தருவேன். ஆசைப்படவில்லை என்றால் அதன் பெருமையைச் சொல்லி அவள் தலையில் கட்ட மாட்டேன். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத் தோன்றினாலும், முதலில் அவளிடம் போய் நின்று கேட்பேன். அவள் வேண்டாம் என்றால் என் கை அங்கேயே நிற்கும். இது சத்தியம்.

இப்படிக்கு,
உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உனக்கு நல்லது செய்த
உன் அண்ணன்