தேனீ வளர்ப்பில் தேறிய உன் அப்பா

என் எலிக்குட்டிக்கு அம்மா எழுதுவது. மூட்டுவலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பில் கொஞ்சம் சதை பிடித்து இருப்பாய் என்று நம்புகிறேன். நீ போனில் சொன்னதிலேயே மனசு சுற்றிக்கொண்டிருக்கிறது. மேல்படிப்புக்காகப் பல நாட்டிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளிடம், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் சேர்ந்து படிக்கிற இணைய வகுப்பைப் பற்றிக் கருத்துக் கேட்கிறாய், சரி, அது உன் படிப்பு. உன் அறையில் இருக்கிற நெட்டையன், பாஷை புரியாவிட்டால் நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்கலாம் என்று புகழ்ந்தானாம். கண்ணாடிக்காரப் பெண், கண்டதிலெல்லாம் சேர்ந்து ஒன்றைக்கூட முடிக்கவில்லை என்று சிரித்தாளாம். நீ நெட்டையன் பேச்சை மட்டும் பிடித்துக்கொண்டு, அப்பாவும் போய்விட்டார், அம்மா தனியாக இருக்கிறாள், காலேஜை விட்டுவிட்டு வந்து வீட்டிலேயே அப்படிப் படித்துக்கொள்கிறேன் என்கிறாய்.

படிக்காதவள் நான், அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நானே சேர்ந்து பார்த்தேன். சிரிக்காதே. கீழ்வீட்டுத் தையல்கார அக்காதான் அப்பாவின் போனில் சேர்த்துவிட்டாள், நம் பாஷையில் அன்றைக்கு அகப்பட்டது தேனீ வளர்ப்பு ஒன்றுதான். முதல் நாள் முகம் கழுவி, நல்ல துணி உடுத்தி, வாத்தியார் வணக்கம் சொன்னதும் எழுந்து நின்றேன். அவர் உட்காரச் சொல்லவே இல்லை, முழங்கால் விட்டுப்போனது. அக்கா வந்து பார்த்து, அடி பைத்தியமே, அந்த ஆளுக்கு நீ யாருன்னே தெரியாதுடி, உட்காரு என்று தலையில் அடித்துக்கொண்டாள். பரீட்சையும் உண்டு. தப்பென்றால் சிவப்பு, சரியென்றால் பச்சை, எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாமாம், இரண்டு பேரும் பச்சை வரும்வரை அழுத்தினோம். போன் அப்பா பெயரில் இருப்பதால் சான்றிதழும் அவருக்கே வந்துவிட்டது. குளவியைக் கண்டால் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிற மனுஷன், போய்ச் சேர்ந்த பிறகு தேனீ வளர்ப்பில் தேறிவிட்டார். அடுத்த வகுப்புக்கு வாருங்கள் என்று அவரை விடாமல் கூப்பிடுகிறார்கள், அவர் வருகிற நிலையில் இல்லை என்று யாரிடம் சொல்வது?

ஆனால் ஒன்று கேள். ராணித்தேனீ பாடத்தின் நடுவில் அப்பா நினைப்பு வந்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாத்தியார் பாட்டுக்குக் கூட்டைத் திறந்து காட்டிச் சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலையின்போது தலையணை உறையைக் கருக்கிவிட்டேன். எப்போதும் சிடுசிடுக்கிற மேஸ்திரி, என்னம்மா தூங்கலையா, போய் ஒரு டீ குடிச்சிட்டு வா என்று இஸ்திரிப் பெட்டியை வாங்கி அவரே தேய்த்தார், அவரும் ஒன்றைக் கருக்கினார் என்பது வேறு விஷயம். ஏண்டா முகம் வாடியிருக்கு என்று கேட்க உனக்கு அங்கே நெட்டையன் இருக்கிறான், கண்ணாடிக்காரி இருக்கிறாள். அவர்களை விட்டுவிட்டுப் போன் முன்னால் உட்காரவா ஓடி வருவாய்? என்னைத் திட்ட அக்கா இருக்கிறாள், எனக்கு அது போதும். படிப்பை முடித்துவிட்டு வா.

நினைத்தது கைகூடி, நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். குளிரில் காலுறை இல்லாமல் திரியாதே.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா

உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுவிடுகிறேன், கோபப்படாதே. அன்றைக்கு நீ வந்து இறங்குவதற்குள் அப்பாவை எடுத்துவிட்டோம். நீ இப்போது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருகிறேன் என்பது எனக்குத் துணையாகவா, இல்லை அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போனதற்காகவா?