ஒரே ஒரு இஸ்பேட்டு

அன்புள்ள வாலு,

அப்பா, நான், உன் தம்பி மூன்று பேரும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. உன் இருமல் நின்றதா? போனில் ஒரு வார்த்தைக்கு இரண்டு இருமல் இருமிவிட்டு ரூமில் தூசி என்கிறாய், தூசி எனக்குத் தெரியாதா, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவளிடம் கதை விடாதே, போய்ச் சளியைப் பரிசோதித்துக்கொள். இங்கே மாடிப்படிச் சுவரில் மறுபடியும் ஈரம் ஏறியிருக்கிறது. வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டு சுவர் வேர்க்குதும்மா என்றார், நானும் சுவருக்காவது உழைச்ச களைப்பு இருக்கேன்னு சொன்னேன், அவருக்குப் புரியவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் அப்பா காதில் விழும். வாலுவுக்குச் சொல்லாதே, அவ மூஞ்சியில முழிக்க முடியாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி மனமகிழ் மன்றத்தில் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் நானும் அப்பாவும், எதிர்ப்பக்கம் கண்காணிப்பாளரும் தலைமைக் கணக்கரும். இந்தக் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் சின்னவன் வேலை நிரந்தரமாகும் என்பது உனக்குத் தெரியும். ஸ்ட்ரெச்சர் தள்ளித் தள்ளி அவன் தோள் இறங்கிவிட்டது, இன்னும் தற்காலிகம்தான். அவனுக்குப் பின்னால் வந்த மர பெஞ்சுக்குக்கூடப் பெயின்டில் நம்பர் எழுதி ஆஸ்பத்திரிச் சொத்து ஆக்கிவிட்டார்கள், இவனுக்கு ஒரு நம்பர் கிடைக்கவில்லை.

கடைசி ஆட்டத்தில் அப்பா இஸ்பேட்டைத் துருப்பாக வைத்துப் பதின்மூன்று பிடியில் பன்னிரண்டை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒரு பிடிதான் விடலாம், அதை ஆரம்பத்திலேயே கொடுத்தாயிற்று. நான் டம்மி. என் சீட்டையெல்லாம் ஊர் பார்க்க விரித்து வைத்துவிட்டு, அவர் கேட்ட சீட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியவள். அப்பா கையில் ஏஸும் ஜாக்கியும் சேர்த்து ஐந்து இஸ்பேட்டு, என்னிடம் ராஜாவும் பத்தும் சேர்த்து நான்கு, ஆக ஒன்பது. எதிரிகளிடம் நான்கே நான்கு, அதில் ஒன்று ராணி. அப்பா முதலில் ஏஸை வைத்தார், இரண்டு பக்கமும் சின்னச் சீட்டு விழுந்தது. இனி வெளியே இருப்பது ராணியும் ஒரு சின்னச் சீட்டும்தான். அப்பா தன் கையிலிருந்து ஒரு சின்ன இஸ்பேட்டை என் பக்கம் தள்ளினார். எனக்கு முன்னால் போட வேண்டியவர் கண்காணிப்பாளர். அவர் சின்னதைப் போட்டால் அப்பாவுக்கு இரண்டு வழி. என் ராஜாவால் இடித்தால் கணக்கரிடம் தனியாக இருக்கும் ராணி விழும். ராணி கண்காணிப்பாளரிடமே இருந்தால் பத்தைப் போட்டுப் பதுங்க வேண்டும், அடுத்த முறை அதைப் பிடித்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் அந்த மயிரிழையைப் பிடித்துக்கொண்டுதானே நம் வீட்டில் சட்டமே வைத்திருக்கிறோம், ஒன்பது துருப்புக்கு இடி, எட்டுக்குப் பதுங்கு. ஒன்பது வைத்துக்கொண்டு நீ பதுங்கினாய் என்று அதே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட வைத்து உன்னை அழ வைத்த மனுஷன் அவர்.

கண்காணிப்பாளர் உடனே போடவில்லை. ஒரு சீட்டைத் தொட்டார், விட்டார், கூரையைப் பார்த்தார், மறுபடி தொட்டார், பெருமூச்சு விட்டார். ராணியைக் கையில் வைத்துக்கொண்டு போடுவதா ஒளிப்பதா என்று தவிக்கிறவன்தான் அப்படிச் செய்வான். பிறகு சின்னதைப் போட்டார். அப்பா அந்தத் தவிப்பை நம்பினார், பத்து என்றார், நானும் எடுத்து வைத்தேன், கணக்கர் ராணியைப் போட்டுச் சிரித்தார். கோப்பை போனது. அடுத்த இஸ்பேட்டு வந்தபோது கண்காணிப்பாளர் டைமண்டைக் கழித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவ்வளவு நேரம் அவர் யோசித்தபோது கையில் இருந்தது ஒரே ஒரு இஸ்பேட்டு. வேறு எதையும் போட முடியாதவருக்கு என்ன யோசனை?

ஆட்டம் முடிந்துவிட்டது, டம்மி பேசலாம். கேட்டுவிட்டேன். ஒத்தைச் சீட்டு வச்சிருந்தவருக்கு எதுக்கு சார் அவ்வளவு யோசனை என்று நேராகவே கேட்டேன். ஏம்மா, யோசிக்கிறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா, வீட்ல குழாய் ஒழுகுது, அதை நெனச்சேன் என்றார். சுற்றி நின்ற கோட்டுக்கார டாக்டர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நடுவராக இருந்தவர் நம்ம மருந்தாளுநர், நல்ல மனுஷன்தான், ஆனால் கழுத்து வரை வேர்த்துவிட்டது. ஆட்டத்தில் இல்லாத யோசனையைக் காட்டி எதிராளியை ஏமாற்றக்கூடாது என்று விதி இருக்கிறதாம், ஆனாலும் அப்பாவிடம் ஒன்று கேட்டாக வேண்டுமாம், அவர் யோசிக்காம இருந்திருந்தா நீங்க ராஜாவைத்தான் போட்டிருப்பீங்களா என்று. ஆமாம் என்றால் ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பலாம், பதிலை வியாழக்கிழமை மன்றக் கமிட்டி முன்னால் சொல்லச் சொல்லிவிட்டார்.

மறுநாளே கண்காணிப்பாளர் ஆபீஸ் தலைமை எழுத்தர் என்னைப் பரிசோதனைக்கூட வாசலில் நிறுத்தினார். பையன் ஃபைல் சார் மேஜையிலதான் இருக்கு, யோசிச்சிட்டிருக்காரு, சீட்டுல நடந்ததைச் சீட்டோட விட்டுடுங்கம்மா என்றார். கையில் இருந்த ரத்த டியூபைக் கீழே போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் சின்னவன் குதித்தான். உனக்குக் கப்பு முக்கியம், எனக்குச் சோறு முக்கியம், டம்மின்னா டம்மியா இருந்திருக்க வேண்டியதுதானே என்றான். அதிலிருந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, தட்டை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விடுகிறான். அப்பா அந்த ஒன்பது இஸ்பேட்டையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு ராஜாவையும் பத்தையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்க்கிறார். நான் எப்படியும் பத்தைத்தான் போட்டிருப்பேன்னு சொல்லிட்டா புகார் அதோட முடிஞ்சிடும், யாருக்குத் தெரியப்போவுது, மயிரிழைதானே என்கிறார். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் உனக்குச் சொல்ல வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது. நான் வாயைத் திறந்தது தப்பா வாலு? மகன் வயிற்றில் அடித்துவிட்டேனா? ஒரு கையில் ரப்பரைக் கட்டிவிட்டு மறு கையில் நரம்பு தேடுகிறேன், ஒரு கிழவர் உனக்கு என்னம்மா உடம்புக்கு என்று என்னையே கேட்கிறார்.

இதுவரை எழுதி மடித்து வைத்திருந்தேன், இன்று சனிக்கிழமை தொடர்கிறேன். புதன்கிழமை சின்னவன் என் மேல் உள்ள கோபத்தில், தானே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஆபீசுக்குப் போயிருக்கிறான். கண்காணிப்பாளர் அறையில் இல்லை, அங்கே டைப் அடிக்கிற அக்காவிடம் தன் ஃபைலைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அந்த அம்மா பாவம், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், உன் பேர்ல ஃபைலே திறக்கலியேப்பா, நிரந்தரம் பண்றதையே மேலிடத்துல நிறுத்தி வச்சிட்டாங்களே, சாருக்கும் தெரியுமே என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பா, அந்தாள் கையில ஒண்ணுமே இல்லப்பா, சும்மா யோசிக்கிற மாதிரி நடிச்சிருக்கான் என்றான். சீட்டு என்றாலே எழுந்து போகிற பிள்ளை சொன்னது இது. எனக்கு நிம்மதி வரவில்லை, பயமுறுத்தல் பொய் என்றால் அவன் இத்தனை காலம் காத்திருந்ததும் பொய்தானே.

வியாழக்கிழமை கமிட்டியில் மருந்தாளுநர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பேச வாயெடுத்ததும் கணக்கர், டம்மியை யாரும் கேக்கல என்றார். அப்பா, ராஜாவும் பத்தும் அங்கே இருப்பதுபோல் வெறும் மேஜையில் விரலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பத்து என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். ராஜாதான் போட்டிருப்பேன், ஒன்பது வச்சுக்கிட்டு நான் என்னைக்குமே பதுங்கினதில்ல, அன்னைக்கு இவரை நம்பிப் பதுங்கினேன் என்றார். கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டே, அதைச் சொல்ல இவ்வளவு நேரம் யோசிச்சீங்களே என்றார். எனக்கு யோசிக்க விஷயம் இருந்துச்சு சார் என்றார் அப்பா. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கோப்பையைப் பற்றிப் பிறகு சொல்கிறார்களாம், அது இன்னும் அவர் அறைக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது. மறுநாளே சின்னவனைச் சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ராணி இல்லாவிட்டால் என்ன, சின்னச் சீட்டை வைத்தும் அடிப்பார்கள். இரண்டே நாளில் பிளீச்சிங் நீரில் கை வெளுத்து, நகக்கண் எல்லாம் எரிய எரிய வருகிறான், தடவிக்கொள்ள மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்கிறான், என் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆனால் வேறொன்று செய்திருக்கிறான். மற்ற தற்காலிகங்களிடமும் போய் உங்க ஃபைல் எங்கேன்னு யாராவது பாத்திருக்கீங்களா என்று கேட்டிருக்கிறான். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் சேர்ந்து கண்காணிப்பாளர் அறைக்குப் போய் அவரவர் ஃபைலைக் காட்டச் சொல்லப் போகிறார்களாம். உள்ள வேலையும் போய்விட்டால்? வேண்டாம்டா என்று தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் அப்பா, எத்தனை பேருடா போறீங்க என்று கேட்டார். என்னையும் சேத்து ஒன்பது பேருப்பா என்றான். அப்பா மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒன்பதுக்கு நம் வீட்டுச் சட்டம் உனக்குத் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதை இன்றே கூரியரில் போடுகிறேன், திங்கட்கிழமை சாயங்காலம் போன் பண்ணு, நீயே பண்ணு, நான் பண்ணினால் அழுதுவிடுவேன். பரிசோதனைக்குப் போக மறக்காதே, வெறும் வயிற்றில் போ. நீ எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, நல்லா இருப்பாய்.

இப்படிக்கு,
பயந்துகொண்டே இருக்கும்
உன் அம்மா