நெற்றி விளக்கு அம்மன்

என் தங்கப் பாட்டிக்கு,

நம் சிம்பாங் ரெங்கம் தோட்டத்தில் இன்று விடியும்போதே தூறல். செம்பனைத் தோப்பெல்லாம் மூட்டத்தில் மிதக்கிறது. நான் விழித்திருக்கிறேனா, இன்னும் கனவா என்றே தெரியவில்லை. பதினைந்து வயதில் நீங்கள் வரைந்த படத்தின் முன்னால் நிற்கிறேன், பாட்டி.

ரப்பர் மரத்துக்குக் குறி போடும் சாயத்தை எடுத்துத் தகரத்தில் உங்கள் அம்மாவை வரைந்தீர்களே, அந்தப் படம்தான். நெற்றியில் விளக்கு, கையில் உளி, இருட்டில் ரப்பர் பால் வெட்டப் புறப்படும் முகம். அவர் இறந்ததும் அதை தொழிலாளர் லய வீடுகளுக்குப் பின்னால் மரத்தடியில் சாய்த்து வைத்து விளக்கேற்றினீர்கள். போகிறவர் வருகிறவர் குங்குமம் வைத்தார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பால்வெட்டையே பார்க்காத பிள்ளைகளுக்கு நெற்றி விளக்கு மூன்றாவது கண்ணாகவும் உளி ஆயுதமாகவும் தெரிந்தன. அம்மன் என்று கோயிலே கட்டிவிட்டார்கள். நீங்களோ கண்மூடும்வரை என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். ஏன் பாட்டி, ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

இப்போது குடமுழுக்கு வருகிறது. தமிழ்நாட்டிலிருந்து கற்சிலை வந்து இறங்கிவிட்டது. பழைய சாமியைக் கடலில் விட வேண்டுமாம், அதுதான் முறையாம். போன வாரக் கோயில் கூட்டத்தில் எழுந்து உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன்.

"அது சாமி இல்லீங்க. எங்க பாட்டியோட அம்மா. பால் வெட்டுனவங்க. கடல்ல விடாதீங்க, என்கிட்ட குடுத்துடுங்க."

கூட்டத்திலிருந்த கமலா அக்கா பொங்கினார்.

"அலமாக், என்ன பேச்சு இது! என் மவனுக்கு அம்மை போட்டிருந்தப்ப நான் அழுது கும்பிட்டது இவங்களத்தான். பால் வெட்டுனவங்கன்னா சாமியா இருக்கக் கூடாதா?"

கோயில் தலைவர் தலையைச் சொறிந்தார். "கடல்ல விட வேணாம்லா. ஆனா உங்க வீட்டுக்கும் தர மாட்டோம். புதுச் சிலை உள்ள இருக்கட்டும், இவங்க வாசல்ல இருக்கட்டும்."

வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லையே என்று அழுதேன்தான். இன்று காலை உங்கள் அம்மாவின் படத்தைக் கோயில் வாசலில் வைத்துப் பூசை. பூசாரி கற்பூரத் தட்டோடு என் பக்கம் திரும்பி, "இந்த அம்மா பேரு என்னம்மா?" என்றார்.

அஞ்சலை என்றேன். விடியுமுன் பெரட்டில் ஆள் எண்ணும்போது கங்காணி அதட்டிக் கூப்பிட்ட பெயர்.

இனி வெள்ளிதோறும் செனாய் டவுனில் வேலை முடிந்ததும் வந்து அவர் முகத்துப் புகையைத் துடைப்பேன். அது என்ன விளக்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் சொல்வேன். சத்தியம், பாட்டி.

"அஞ்சலை அம்மனே போற்றி" என்றார் பூசாரி. தூறலில் நின்ற அத்தனை பேரும் கைகூப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

உங்கள் பேத்தி,
அஞ்சலையின் கொள்ளுப்பேத்தி,
செல்வி