நொண்டச் சொன்னார்

பங்குனி, ஞாயிறு

மாசிடோனியா நாட்டுக் கதை ஒன்றைச் சிரிப்பு நாடகமாகப் போடுகிறோம். ‘அப்பா, நீ எனக்கு உப்பு மாதிரி’ என்று சொன்ன மகளை ராஜா விரட்டிவிடுகிறான். அவளுக்குச் சோறு போடும் உப்பளத்துக்காரி வேஷம் எனக்கு. நிஜத்திலும் எனக்கு மரக்காணம் உப்பளத்தில்தான் வேலை.

இன்று ஒத்திகையில் டைரக்டர், “காலு வெடிச்சவ மாதிரி நொண்டி நொண்டி வாங்க. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினேன்.

“நெஜமாவே வெடிச்சுதான் சார் இருக்குது. அதுக்காக நான் நொண்டிக்கிட்டா நடக்குறேன்?”

“காமெடிக்குத்தாங்க...”

“கடைசியில உப்பில்லாத சோத்த முழுங்க முடியாம ராஜா முழிக்கிறாரே, அதுக்குச் சிரிக்கட்டும்.”

“பாக்கலாம்” என்றார். பார்க்கலாமாம்! நாளைக்கும் நொண்டச் சொன்னால், அவரை வெறுங்காலோடு ஒரு நாள் உப்புப் பாத்தியில் இறங்கி உப்பு வாரச் சொல்வேன்.